நாகப்பட்டினம் வரைக்கும் காரில்

போன வாரம் பாண்டிச்சேரிக்குக் காரில் போனோம். என் கணவரின் போனுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல், "இருநூறு மீட்டரில் இடதுபுறம் திரும்பவும்" என்று சொல்லிக்கொண்டே வந்தது. அந்தக் குரலோடு எனக்கு ஏனோ ஒட்டவில்லை. எங்கள் வீட்டில் வழி சொன்ன குரல் வேறு. அது நடுநடுவே எலுமிச்சை சாதம் வேணுமா என்றும் கேட்கும்.

நைனா செஞ்சியில் வாடகைக் கார் ஓட்டினார். வெள்ளை அம்பாசிடர். கோட்டை பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு அப்படியே கடற்கரை ஊர்களுக்கும் போய்வருவார். திரும்பி வந்த காரின் கதவைத் திறந்தால், வெயிலில் காய்ந்த ரெக்சின் வாசனையோடு உப்பும் கருவாடும் கலந்து அடிக்கும். கடல் என்றால் எனக்கு அதுதான். பின்சீட்டில் மூக்கை அழுத்திப் படுத்துவிட்டு, கடலைப் பார்த்துவிட்டதாகப் பள்ளிக்கூடத்தில் அளந்திருக்கிறேன். "பனமலை ஏரி மாதிரி ரெண்டு இருக்கும்" என்று அளவுகூடச் சொன்னேன்.

"ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் கடலக் காட்டறீங்க, எங்கள எப்ப இட்டுனு போவீங்க?" என்று அம்மா கேட்பாள். "சவாரி இல்லாத நாளா பாத்துப் போலாம்" என்பார் நைனா. அந்த நாள் வந்ததே இல்லை. ஒரு முழுப்பரீட்சை லீவில் திடீரென்று அவரே சொன்னார்: "காலையில கெளம்பறோம். பாண்டி, செதம்பரம், தரங்கம்பாடி, நாகப்பட்டினம்." அம்மா ஒன்றும் கேட்கவில்லை. அது எனக்கு அப்போது விசித்திரமாகப் படவில்லை.

எங்கே போனாலும் எங்களோடு பின்னால் உட்காருகிறவள், அன்று முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். திண்டிவனம் ரோட்டில், எங்கள் கோட்டை இருக்கும் ராஜகிரி மலை பின்கண்ணாடியில் சின்னதாகிக்கொண்டே வந்தது. அம்மா பலகைகளைப் படிக்க ஆரம்பித்தாள். ஊர்ப் பெயர், மைல்கல், வளைவு என்று எதையும் விடவில்லை. "எதுக்க லாரி வருதுங்க. அப்பால ஒரு மாடு நிக்குது." நைனா மாட்டுவண்டி வேகத்தில் போனார். நானும் தம்பியும் இதை விளையாட்டு என்று நினைத்து, உரக் கடை விளம்பரம் முதல் கல்யாண போஸ்டர் வரை அம்மாவோடு சேர்ந்து கத்தினோம்.

பாண்டிச்சேரியில் கடலைப் பார்த்தேன். ஏரிக் கணக்கை அங்கேயே கைவிட்டேன். மஞ்சள் சுவர்கள், வெயிலில் தூங்கும் தெருக்கள், காற்றில் அம்மாவின் முந்தானை. கனவில் பார்த்தது போலத்தான் இப்போது நினைவிருக்கிறது. வெளிச்சம் மங்குவதற்கு முன்பே நைனா சிதம்பரத்தில் ஒரு லாட்ஜில் வண்டியை நிறுத்திவிட்டார்.

மறுநாள் தரங்கம்பாடி. அங்கிருந்த கோட்டையைப் பார்த்துத் தம்பி ரொம்பவும் ஏமாந்துபோனான். "இன்னா நைனா, ஏறவே மலை இல்ல. இதப் போயி கோட்டைங்கறாங்க!" செஞ்சிக்காரர்களுக்கு இந்தக் கர்வம் உண்டு, எனக்கும் இன்னும் போகவில்லை. நைனா சிரித்துக்கொண்டே கடல் பக்கம் திரும்பி நின்றார். கொஞ்ச நேரம் கழித்து அம்மாவிடம் கேட்டார்:

"படகு எதனா தெரியுதா?"

தூரத்தில் வரிசையாக அத்தனை படகுகள். கிண்டல் செய்கிறார் என்று நினைத்து நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

"தெரியுதுங்க. நெறைய இருக்குது. ஒண்ணு மட்டும் தனியா வடக்கால போவுது. அதுல ஒருத்தன் நின்னுனு வல இழுக்கறான்."

"பாய் கட்டிக்கீறானா?"

"கட்டிக்கீறான். காவி கலரு."

நைனா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். எதற்கென்று தெரியாது.

நாகப்பட்டினத்தில் ஒரு வீட்டு வாசலில் கார் நின்றது. நைனாவுக்குத் தெரிந்த இன்னொரு டிரைவரின் வீடு. காரை அவருக்கு விற்றுவிட்டார் என்பது அங்கேதான் எனக்கும் தம்பிக்கும் தெரியவந்தது. கண் மங்கிக்கொண்டே வருகிறது, இனி சவாரி ஏற்றாதே, சீக்கிரம் வண்டியை விட்டுவிடு என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். அந்த டிரைவர் செஞ்சிக்கே வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றிருக்கிறார். நைனாதான், "வேணாம்ப்பா, என் பசங்கள ஒருவாட்டி ஒக்கார வச்சி நானே ஓட்டினு வரேன்" என்று சொல்லியிருக்கிறார்.

தம்பி கார் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதான். சாவியைக் கொடுத்த பிறகும் நைனா சுற்றிவந்து நாலு கதவையும் சாத்திப் பார்த்தார். அப்புறம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வாங்க, பஸ்ஸுக்கு நேரமாவுது" என்றார்.

பஸ்ஸில் ஜன்னலோர சீட்டை அவருக்கு விட்டோம். வண்டி கிளம்பியதும் அம்மா பழக்கத்தில், "நாகூரு வருதுங்க" என்றாள்.

"வுடும்மே. இப்ப நானா ஓட்டறேன்?"

"நீங்க ஓட்டலன்னா ஊரு இல்லாம பூடுமா?" என்றாள் அம்மா. தொடர்ந்து படித்தாள். காரைக்கால் தாண்டுவதற்குள் நைனா அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். ஓடும் வண்டியில் அவர் தூங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அந்தச் சாலை இப்போது அகலமாகிவிட்டது. சவுக்குத் தோப்புகள் பல இல்லை. நைனாவும் இல்லை. ஆனால் போனது என்று நினைத்தால் எனக்கு முதலில் வருவது வேறொன்று. எங்கள் வீட்டு வாசலில் கார் நிற்கிற இடத்தில் எண்ணெய் சொட்டிச் சொட்டி மண் கறுத்துக் கிடக்கும். எந்தச் செடியும் முளைக்காது. அந்த வருச மழையில் முதன்முதலாக அங்கே புல் முளைத்தது. அம்மா தினமும் வாசல் பெருக்கும்போது குனிந்து அதைப் பிடுங்கிப் போட்டாள். கார்த்திகை வரைக்கும் பிடுங்கினாள். அப்புறம் ஒரு நாள் விட்டுவிட்டாள்.