ஓர் ஆமென் குறைவு

மோட்டார் ஸ்விட்சை அணைத்த பிறகும், அணைத்தேனா என்று இன்னொரு முறை போய்ப் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. வீட்டில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஒரு மோட்டார் எரிந்ததில் ஒரு குடும்பம் இரண்டாகப் போக இருந்ததைப் பார்த்தவன் நான்.

கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீடு முன்போர்ஷன், பின்போர்ஷன் என்று இருந்தது. முன்னால் பெரியப்பா, பெரியம்மா, அவர்கள் மகளான அக்கா. பின்னால் அப்பா, அம்மா, நான். ஆக ஆறு பேர், ஒரு கிணறு, ஒரு மோட்டார். எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு எட்டு வயது. பெரியப்பாவுக்குப் பல்லாவரத்தில் லேத் பட்டறை வேலை. அப்பா பீச் ஸ்டேஷன் பக்கம் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சர்ச்சுக்குப் போய்த் திரும்பியபோது கிணற்றடியில் கருகிய நாற்றம் அடித்தது. கிணற்றில் தண்ணீர் கீழே போனது தெரியாமல் மோட்டார் சும்மாவே ஓடி, உள்ளே சுற்றியிருந்த காயில் கம்பி எரிந்திருந்தது. ஸ்விட்சைப் போட்டுவிட்டுப் போனது யார்?

"கடைசியா குளிச்சது பின்னாடிதான்" என்றார் பெரியப்பா.

"மொதல்ல எழுந்தது முன்னாடிதான்" என்றார் அப்பா.

அன்றோடு அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். மோட்டாரையும் யாரும் சரிசெய்யவில்லை. சரிசெய்தால் எரித்தது தான்தான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று இருவரும் பயந்தார்கள். வாளியில் கயிறு கட்டி ஆறு பேரும் மாறி மாறி இறைத்தோம்.

பேச்சு நின்றதே தவிர ஜெபம் நிற்கவில்லை. சாயங்காலம் விளக்குப் போட்டதும் முன்போர்ஷன் கூடத்தில் பாய் விரித்து ஆறு பேரும் முழங்கால்போடுவது எங்கள் வழக்கம். வயதில் சிறியவரிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொருவராக வாய்விட்டு ஜெபிக்க வேண்டும். ஒருவர் முடித்ததும் எல்லோரும் ஆமென் சொல்ல வேண்டும். ஜெபத்துக்கு முதலில் யார் வராமல் நிற்கிறாரோ அவர்மேல்தான் குற்றம் என்று ஆகிவிடுமே, அதனால் அண்ணனும் தம்பியும் தவறாமல் வந்தார்கள். வந்து, ஒருவரிடம் ஒருவர் சொல்ல முடியாததையெல்லாம் கடவுளிடம் சொன்னார்கள்.

வீட்டில் நம்மைப்போலப் பேசுகிற அப்பா, கண்ணை மூடியதும் வேறு தமிழுக்கு மாறிவிடுவார்.

"பரலோகத்தின் தேவனே, கண்ணால் காணாததைக் கண்டதாகச் சொல்லும் நாவுகளை நீர் அடக்குவீராக."

அடுத்தது பெரியப்பா.

"கிருபையுள்ள தகப்பனே, ஸ்விட்சைப் போட்டுவிட்டு உம்முடைய ஆலயத்தில் வந்து அமைதியாக உட்கார்ந்திருக்கிற இருதயங்களை நீர் உணர்த்துவீராக."

மறுநாள் அப்பா, லேத் ஓட்டுகிறவர்களுக்கு மோட்டாரைக் குறித்த ஞானத்தையும் தந்தருளும்படி வேண்டிக்கொள்வார். குரல் தழுதழுக்கும். வெளியாள் கேட்டால் இவர்களைவிடப் பக்தியுள்ள குடும்பம் தாம்பரத்திலேயே இல்லை என்றுதான் நினைத்திருப்பார்.

எனக்கு இதில் குறை ஒன்றும் தெரியவில்லை. இந்தப் பக்கத்துச் செய்தியை அந்தப் பக்கம் சேர்ப்பதுதான் கடவுளின் வேலை என்று எண்ணிக்கொண்டேன். அம்மாவும் பெரியம்மாவும் மட்டும் கொடியில் துணி உலர்த்தும்போது தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வார்கள்.

"நேத்து ஆண்டவருக்குத் தபால் ஜாஸ்திதான்" என்பார் பெரியம்மா.

"பதில் வர்ற வரைக்கும் போட்டுகினேதான் இருப்பாங்க, அக்கா" என்பார் அம்மா. இருவரும் துணிக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரிப்பார்கள்.

நான் ஆமென்களை எண்ணுவேன். ஆறு பேர், ஆறு ஜெபம், முப்பத்தாறு ஆமென் வந்தாக வேண்டும். முப்பத்து நான்குதான் வந்தது. அப்பா ஜெபித்து முடித்தால் பெரியப்பா வாய் திறக்கமாட்டார். பெரியப்பா முடித்தால் அப்பா. மற்ற யாருக்கும் இருவரும் கணீரென்று சொல்வார்கள். இதை அக்காவிடம் சொன்னேன்.

"ஜெபத்துல கண்ணத் தொறந்து எண்ணிகினா கீற? அடி வாங்குவ" என்றாள். பிறகு சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டே சொன்னாள்: "இன்னும் கொஞ்ச நாள்தான் எண்ணுவ. திங்கக்கிழம எங்கப்பா படப்பைல மனைக்கு அட்வான்ஸ் குடுக்கப்போறாரு. நாங்க அங்க போயிடுவோம்."

அந்த சைக்கிளின் பின்சீட்டில்தான் நான் தினமும் பள்ளிக்கூடம் போவேன். முன்போர்ஷனில் பூட்டுத் தொங்குவதை நினைத்துப் பார்த்தேன். மூன்று பேர் முழங்கால்போட்டால் மொத்தமே ஒன்பது ஆமென்தான் வரும். அதற்கு மேல் எனக்குக் கணக்குப் போடவே பிடிக்கவில்லை.

அந்த வாரம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை பெரியப்பா வரவேண்டிய நேரத்துக்கு வரவில்லை. குரோம்பேட்டைப் பக்கம் ரோட்டில் முழங்கால் தண்ணீர் என்று பால்காரர் சொல்லிவிட்டுப் போனார். அப்பா குடையை எடுத்தார். எங்கேயோ போகிறார் என்று பார்த்தால், கேட்டைத் தாண்டவில்லை. இடது கையில் குடை, வலது கையால் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருமுனையையே பார்த்துக்கொண்டு நின்றார். வேட்டி முழங்கால்வரை நனைந்துவிட்டது. பெரியப்பாவின் மொபெட் சத்தம் முனையில் கேட்டதும் ஓட்டமாக உள்ளே வந்து, பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார். அது முந்தாநாள் பேப்பர்.

மறுநாள் சனிக்கிழமை. மனைக்காக ஜெபிக்கப் பாஸ்டரைப் பெரியப்பா அழைத்திருந்தார். பாயில் ஏழு பேர் முழங்கால்போட்டோம். பெரியம்மாவின் கண் ஏற்கெனவே சிவந்திருந்தது.

"சின்னவர் ஆரம்பிக்கலாம்" என்றார் பாஸ்டர்.

வழக்கமாக நான் பரீட்சை, காய்ச்சல், பாட்டி தாத்தா என்று மூன்றே வரியில் முடித்துவிடுவேன். அன்று எனக்கும் ஒரு செய்தி இருந்தது. பெரியவர்களின் தமிழ் எனக்கு வரவில்லை.

"ஆண்டவரே, பெரியப்பாகிட்ட ஒண்ணு சொல்லிடுங்க. நேத்து மழைல அவரு வர்ல இல்ல, அப்பா கேட்டாண்டையே நின்னுகினு இருந்தாரு. மொபெட் சத்தம் கேட்டதும் உள்ள ஓடியாந்துட்டாரு. அப்பா இத சொல்லமாட்டாரு, அதான் நீங்க சொல்லிடுங்க. அப்புறம் அந்தப் படப்பை மனைய வேற யாருக்காவது வித்துடச் சொல்லுங்க. ஆமென்."

அம்மாவின் விரல்கள் என் தொடையைக் கிள்ளுவதற்கு வந்து, கிள்ளாமல் அப்படியே நின்றன. நான் ஒரு கண்ணைத் திறந்து எண்ணினேன். என்னுடையதையும் சேர்த்து ஐந்து ஆமென். எனக்கு எப்போதும் சொல்லுகிற அப்பாவும் சொல்லவில்லை, பெரியப்பாவும் சொல்லவில்லை. பாழாய்ப்போயிற்று, தவறாக ஜெபித்துவிட்டேன் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

அக்கா, அம்மா, பெரியம்மா மூவரும் அவசரமாக முடித்துக்கொண்டார்கள். அப்பாவின் முறை வந்தது. பரலோகத்தின் தேவனே என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் அந்தத் தமிழ் அவருக்குக் கிடைக்கவில்லை. வெளியே ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஆண்டவரே... பையன் சொன்னது நெஜந்தான்" என்றார். "ஆமென்."

பாஸ்டர், அம்மா, பெரியம்மா, அக்கா, நான். அப்பாவையும் சேர்த்து ஆறு. அத்தோடு முடிந்தது என்று விரலை மடக்கப் போனேன்.

"ஆமென்" என்றார் பெரியப்பா.

கரகரத்த, தாமதமான ஆமென். லேத்தில் இரும்பு மாட்டிக்கொண்டு விடுபட்டதுபோல இருந்தது. ஏழு! நான் இரண்டு கண்களையும் திறந்துவிட்டேன். பெரியப்பா கண்ணை மூடியபடியே இருந்தார். இனி அவர் ஜெபிக்க வேண்டும். கிருபையுள்ள தகப்பனே என்று வரும் என்று காத்திருந்தோம்.

"டேய்" என்றார் பெரியப்பா. "நனைஞ்சிட்டியாடா?"

"இல்லண்ணா. குடை இருந்துச்சு."

"உனக்கு மழை ஒத்துக்காதே. எதுக்குடா நின்ன?"

"லேட்டாச்சே, அதான்..."

பெரியப்பா எழுந்துவிட்டார். அப்பாவும் எழுந்தார். முழங்கால் மரத்துப்போயிருந்ததால் தடுமாறி, இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். பிடித்த பிடி விடவே இல்லை. பெரியம்மா வாய்விட்டு அழுதார், அம்மா வாய்விட்டுச் சிரித்தார், அக்கா என்னைத் தூக்கிக் கூடத்தைச் சுற்றினாள். பாஸ்டர் பாவம், தன் ஜெபத்தை ஆரம்பித்தவர் எங்கள் சத்தத்தில் இரண்டே வாக்கியத்தில் முடித்துக்கொண்டு, "காப்பி இருக்காம்மா?" என்று கேட்டார். நாற்பத்தொன்பது ஆமென் வரவேண்டிய நாள். கடைசி ஆமென்களை அந்தக் கூச்சலில் என்னால் எண்ண முடியவில்லை.

திங்கட்கிழமை மொபெட் படப்பைக்குப் போகவில்லை. முடிச்சூர் ரோட்டில் மோட்டாருக்குக் காயில் சுற்றித் தரும் வைண்டிங் கடைக்குப் போனது. பெரியப்பா ஓட்ட, பின்னால் அப்பா எரிந்த மோட்டாரைக் குழந்தையைப்போல மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தெருவே வேடிக்கை பார்த்தது. நான் கேட்டின் மேல் ஏறி நின்று கையாட்டினேன். என் தபால் போய்ச் சேர்ந்துவிட்டது என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன். ஸ்விட்சைப் போட்டது யார் என்பது மட்டும் இன்றுவரை தெரியாது. அதன்பின் யாரும் கேட்கவுமில்லை.

ஆனால் அந்தச் சனிக்கிழமை படுக்கப்போனபோது எனக்கு ஒரு மனக்குறை இருந்தது. இவ்வளவு பெரிய வெற்றியில் ஒரு தவறு விழுந்துவிட்டதே என்று அம்மாவிடம் முறையிட்டேன்.

"பெரியப்பா மட்டும் இன்னிக்கு ஜெபமே பண்ணலம்மா."

அம்மா போர்வையை இழுத்துவிட்டார். "பண்ணாருடா. தூங்கு."

எனக்குத் தெரியாதா? நான் எண்ணிக்கொண்டுதானே இருந்தேன். ஏழு பேர், ஆறு ஜெபம். மறுபடி முதலிலிருந்து விரல் மடக்கிப் பார்த்தேன். பெரியப்பாவுக்கென்று வைத்த விரல் மட்டும் மடங்காமலே நின்றது.