ஐடி கார்டு பார்த்த மாப்பிள்ளை

என் தம்பி விமல்ராஜ் தங்கமான பையன்தான். சூளகிரி பக்கத்துல ஒரு கம்பெனியில பிரேக் பார்ட்ஸ் செக் பண்றான். குடி கிடையாது, சிகரெட் கிடையாது. நம்பர் பைத்தியம் ஒண்ணுதான். லாரி நம்பர், கேஸ் சிலிண்டர் நம்பர், எதைக் கண்டாலும் எதால வகுபடும்னு போன்ல போட்டுப் பார்க்கணும். எதாலயும் வகுபடலைன்னா அது பகா எண்ணாம். அன்னைக்குப் பூரா மூஞ்சியில சிரிப்பு.

இதாலயே பார்த்த சம்பந்தம் எல்லாம் போச்சு. கடைசியாப் போன வீட்ல, "உங்க கதவு நம்பர் எட்டால வகுபடுதுங்க"ன்னு சொல்லி வெச்சான். எட்டுன்னதும் சனி பிடிச்ச மாதிரி பயந்துட்டாங்க. "இனி எனக்குப் பொண்ணே பார்க்காதக்கா"ன்னுட்டான். நான்தான், "இன்னும் ஒண்ணே ஒண்ணு பார்ப்போம்டா, எனக்காக"ன்னு கெஞ்சினேன்.

அந்த இடம் உத்தனப்பள்ளி. பொண்ணு பேரு கவிப்ரியா, ஓசூர் கம்பெனியில வேலை. கம்பெனி வாசல்ல நின்னு எடுத்த போட்டோ வந்துச்சு, கழுத்துல ஐடி கார்டோட. ஊர் உலகத்துல ஜாதகம் பார்ப்பாங்க. இந்தக் கிறுக்கன் போட்டோவைப் பெருசு பண்ணி ஐடி நம்பரைப் பார்த்தான்: 104927. ரெண்டு, மூணு, அஞ்சு, ஏழுன்னு கம்பெனி பஸ்ல போக வர வகுத்துக்கிட்டே கிடந்தான். ஒரு நாள் வந்து, "அக்கா, பகா எண்!"ன்னு குதிச்சான்.

"அங்க வந்து நம்பர் பேச்சு எடுத்தே, செருப்பு பிஞ்சிடும்"னேன்.

நாங்க அவங்க வீட்டுக்குப் போன அன்னைக்கு, கவிப்ரியா ஷிஃப்ட் முடிச்சு, கார்டைக் கூடக் கழட்டாம நேரா வந்து உக்காந்தா. இவன் வாயே திறக்கலை. அப்பாடான்னு இருந்தேன். "ஏதாச்சும் கேக்கணுமாங்க?"ன்னு அவளே கேட்டா.

"உங்க ஐடி நம்பர் பகா எண்ணுங்க. எதாலயும் வகுபடாது."

போச்சு! அவங்க அம்மா சென்னம்மா டம்ளரைக் கீழ வெச்சுட்டு என்னைப் பார்த்தாங்க. நாக்கைப் புடுங்கிக்கிட்டுச் சாகலாம் போல இருந்துச்சு.

"வகுபடுங்களே, முந்நூத்திப் பதினேழால"ன்னா கவிப்ரியா. "மூணு வருஷமா கழுத்துல தொங்குது. பஸ்ல உக்காந்து நான் பார்க்காததா?"

இவன் போனை எடுத்துத் தட்டினான். முந்நூத்தி முப்பத்தொண்ணு வந்துச்சு, மீதியே இல்லை. மூஞ்சி செத்துப்போச்சு. "முந்நூத்திப் பதிமூணு வரைக்கும் போட்டேங்க. அதுக்குள்ள கம்பெனி கேட் வந்துடுச்சு. இனிமே எங்க வகுபடப்போகுதுன்னு விட்டுட்டேன்."

"அதுக்கு அடுத்த பகா எண்ணே முந்நூத்திப் பதினேழுதாங்க. இன்னும் ஒண்ணே ஒண்ணு பார்த்திருக்கலாம்."

விமல்ராஜ் என்னைத் திரும்பிப் பார்த்தான். "அக்காவும் அதைத்தாங்க சொன்னாங்க"ன்னான்.

சென்னம்மாவுக்குப் பொறுமை போயிடுச்சு. "பையனைப் பிடிச்சிருக்கா இல்லையா, அதைச் சொல்லுடி!"

அவ காதுலயே வாங்கலை. "உங்க ஐடி நம்பர் என்னங்க?"ன்னு இவனைக் கேட்டா.

அந்த மடையன் சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்து அவ கையிலேயே குடுத்துட்டான். சந்தோஷத்துல எனக்கு அழுகையே வந்துடுச்சு.