வாலாஜாபாத் வரை வசந்தாவுடன்

காஞ்சிபுரத்துக்குப் போய்ப் பயிற்சி வகுப்பு நடத்த வேண்டும், எப்படிப் போவது, என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நான் போனது எழுபதுகளின் நடுவில், ஓர் ஆவணி மாதம். பட்டு நெசவாளர் சங்கம் ஒன்றின் உறுப்பினர்களைக் கூட்டங்களில் வாய்திறந்து பேசப் பழக்கும் இரண்டு நாள் வகுப்பு. அதெல்லாம் சாக்கு. உண்மையில் நான் போனது வசந்தாவைப் பார்க்க.

நானும் அவளும் மூன்று வருடம் ஊர் ஊராகச் சேர்ந்து வகுப்பெடுத்தவர்கள். நான் முன்னால் நின்று பேசுவேன். அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்து எல்லோருடைய முகத்தையும் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் அளவுக்கு மீறிப் பேசினால் கம்மலைத் தொடுவாள், உடனே நிறுத்திவிடுவேன். கல்யாணமாகி அவள் வாலாஜாபாத் போன பிறகு என்னை நிறுத்த ஆளில்லை. நான் பேசிக்கொண்டே இருந்தேன், கைதட்டினார்கள், வேறு யாரும் பேசவில்லை. அவளை எப்படியாவது திரும்பக் கூட்டி வந்துவிட வேண்டும் என்று தவியாய்த் தவித்தேன். இரண்டாம் நாள் வந்து பார்க்கச் சொல்லி அவளுக்கு ஒரு கார்டு போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

பாரிமுனையிலிருந்து காலை ஆறு மணி பஸ். சுமார் எழுபத்தைந்து கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம், டிக்கெட் மூன்று ரூபாய் சொச்சம். இறங்கியதும் வகுப்பு நடக்கும் பிள்ளையார்பாளையத்துக்கு சைக்கிள் ரிக்‌ஷா பிடித்தேன்.

"இன்னாம்மா, பொடவ எடுக்கவா?" என்றார் ரிக்‌ஷாக்காரர்.

"இல்லைங்க, வகுப்பெடுக்க."

"தறிக்காரங்களுக்கா?" என்று சிரித்துக்கொண்டே பெடலை மிதித்தார்.

முதல் நாள் படுதோல்வி. ஒன்றாக வந்தவர்களைப் பிரித்து உட்காரவைத்தால்தான் பேச்சு வளரும் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். புருஷன் பெண்டாட்டி, அண்ணன் தம்பி என்று ஒருவர் பாக்கியில்லாமல் பிரித்துப் போட்டேன். வாயில் கொழுக்கட்டையை வைத்ததுபோல உட்கார்ந்திருந்தார்கள். அந்த அமைதியைத் தாங்க முடியாமல் நானே பேசித் தீர்த்தேன்.

மறுநாள் பதினோரு மணிக்கு, கையில் காய்கறிப் பையோடு வசந்தா வந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். நேராகக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்ததும் நான் இன்னும் வேகமாகப் பேசினேன். அவள் கை கம்மலுக்குப் போனது.

நிறுத்தினேன். கூடத்தில் யாரும் அசையவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் ஜன்னலோரம் இருந்த ஓர் அம்மாள் எழுந்தார்.

"தப்பா நெனைக்காதம்மா. நானும் எங்க வூட்டுக்காரரும் ஒரே தறி. அவரு பொடவையோட உடல் ஓட்டுவாரு, நான் பக்கத்துல ஒக்காந்துக்கினு கரை ஓட்டுவேன். ஒருத்தர் இல்லாட்டி தறியே நின்னுடும். அவர அந்தாண்ட தள்ளி வெச்சிட்டு என்னப் பேசச் சொன்னா, பாதிப் பேச்சு அவராண்ட இல்ல இருக்குது?"

அவரவர் ஜோடியோடு உட்காரச் சொன்னேன். பிறகு நடந்ததை வகுப்பு என்று சொல்ல முடியாது, சந்தை. ஒருவர் ஆரம்பிக்க, இன்னொருவர் முடிக்க, நூல் தாமதமாக வருவதிலிருந்து கூலி வரை பிரித்து மேய்ந்துவிட்டார்கள். கடைசி வரிசையில் வசந்தா சிரித்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது செங்கல்பட்டு பஸ்ஸைப் பிடித்தேன். வழியில்தான் வாலாஜாபாத், பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். அது வரைக்கும் ஒரே சீட்டில் அவள்.

"திரும்ப வந்துடேன் வசந்தா. நீ இல்லாம முடியலடி."

"எனக்கு மட்டும் ஆசை இல்லைன்னு நெனைக்கிறியா? வீட்ல சோறு போடும்போதுகூட யார் பேசல, ஏன் பேசலன்னுதான் பாத்துக்கினு இருக்கேன். மாமியார் எழுந்திரிக்க முடியாம படுத்திருக்காங்க. விட்டுட்டு வர முடியாது."

நான் விடவில்லை. ஆள் வைத்துக்கொள்ளலாம், மாதத்தில் நாலு நாள் வந்தால் போதும், நானே வந்து உன் வீட்டுக்காரரிடம் பேசுகிறேன் என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கம்மலைத் தொட்டாள்.

நிறுத்திவிட்டேன். மீதி வழியெல்லாம் அவள் கை என் கைமேல் இருந்தது.

போகிறவர்களுக்கு: காலை பஸ்ஸில் போங்கள். நெசவாளர்களை ஜோடி ஜோடியாகவே உட்காரவையுங்கள். முடிந்தால் தனியாகப் போகாதீர்கள். நான் அதற்குப் பிறகு பல வருடம் தனியாகத்தான் வகுப்பெடுத்தேன், குறை சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் கடைசி வரிசையில் எந்தப் பெண்ணாவது எதற்காகவோ காதைத் தொட்டால், இன்றைக்கும் என் பேச்சு பாதியில் நின்றுவிடுகிறது.