பேட்டரி விளக்கின் மேல் ஒரு பொட்டு

என் பழைய பிக்கப்பில், பேட்டரியில் சார்ஜ் ஏறவில்லை என்று எச்சரிக்கும் விளக்கு விட்டு விட்டு எரியும். கண்ணை உறுத்துகிறதே என்று, ஆயுத பூஜையன்று டேஷ்போர்டுக்குச் சந்தனம் குங்குமம் வைக்கும்போது அதன் மேலேயே அப்பிவிட்டேன்.

இன்று காலை நண்பர் முருகேசன், அக்கா மகள் கல்யாணத்துக்குச் சீர் ஏற்றிப்போக வண்டியை வாங்கிப்போனார். விளக்கைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன்.

திருப்புட்குழியில் டீ குடிக்க நிறுத்தியவருக்கு மறுபடி செல்ஃப் எடுக்கவில்லை. கல்யாணம் நடந்த தாமலுக்குப் போய்ச் சேர்வதற்குள், தாய்மாமன் இல்லாமலே தாலி ஏறிவிட்டது.

இப்போதுதான் சாவியைத் திருப்பித் தந்தார்.

"மன்னிச்சுக்கோபா, பழைய வண்டி" என்றேன்.

"உன் மேல என்னாபா தப்பு இருக்குது? அந்தப் பொட்டத் தொட்டுக் கும்புட்டுக்கினுதான் வண்டிய எடுத்தேன்" என்றார்.

அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை.

அவர் ஃபேஸ்புக்கில் இல்லை என்ற தைரியத்தில் உங்களிடம் சொல்கிறேன்.