லினக்ஸ் குழுவின் ஒரே ஆண்டுவிழா

எங்கள் லினக்ஸ் குழுவின் முதலாம் ஆண்டு நிறைவை மலாக்காவின் பாச்சாங் பகுதியில் ஒரு கணினிக் கடையின் மாடியில் கொண்டாடினோம். அந்த வாரத் தொடக்கத்தில்தான் பக்கத்து ஊரான செங்கில் நாங்கள் வேலை செய்த எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை ஆள்குறைப்பை அறிவித்திருந்தது. குழுவில் பாதிப் பேர் அந்தத் தொழிற்சாலைக்காரர்கள். விழாவைத் தள்ளிப்போடலாமே என்று அண்ணனிடம் கேட்டேன்.

"தள்ளிப்போட்டா அப்புறம் யாரும் வரமாட்டாங்கமா. இப்பவே பண்ணிடுவோம்" என்றார்.

அண்ணன் என்பது நான் கூப்பிடும் முறை, கூடப்பிறந்தவர் இல்லை. அவர் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் டெக்னிஷியன். நான் தொழிற்சாலையில் அதே தளத்தில் கணினிச் சில்லுகளைச் சோதிக்கும் வரிசையில் இருந்தேன். இருவரும் ரப்பர் எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் படித்தவர்கள். லினக்ஸ் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளக்கூடிய மென்பொருள். அதில் இல்லாததை நாமே செய்து சேர்க்கலாம். அப்போது அதில் தமிழ் எழுத்து இல்லை. அதைச் செய்துவிட்டால், அலுவலகங்கள் தூக்கிப் போடும் பழைய கணினிகளை எஸ்டேட் பள்ளிகளில் வைத்துவிடலாம் என்பது அவருடைய கணக்கு. எனக்கும் அது நடக்கும் என்றே தோன்றியது.

ஆண்டு முழுவதும் ஞாயிற்றுக்கிழமைகள் அதிலேயே போயின. அவர் ஒவ்வோர் எழுத்தையும் கட்டத்துக்குள் புள்ளி புள்ளியாக வரைந்தார். எந்த விசையைத் தட்டினால் எந்த எழுத்து வரவேண்டும் என்பதை நான் எழுதினேன். கொம்பு எங்களைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. 'கொ' என்று தட்டினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் பக்கத்து எழுத்து வந்து உட்கார்ந்திருக்கும். விழாவுக்கு முந்தின வாரம் அதுவும் சரியாகிவிட்டது. விழாவில் எல்லோருக்கும் காட்டப்போகிறோம் என்று இருந்தோம்.

கடைக்காரர் ஒரு சீனர். மாடியைச் சும்மா கொடுத்திருந்தார். கேக்கும் அவர் செலவுதான். லினக்ஸின் சின்னம் பென்குவின் என்று கேக் கடையில் சொல்லியிருக்கிறார். அவர்கள் செய்து கொடுத்தது பார்ப்பதற்கு வாத்து மாதிரி இருந்தது. அண்ணனுடைய மனைவி ஒரு பெரிய தட்டில் அரிசிச் சேமியாவில் மீகூன் பிரட்டிக் கொண்டுவந்தார். குழு நடக்கும் இடத்துக்கு அவர் வந்தது அன்றுதான் முதல் தடவை. கதவோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார்.

ஆட்கள் வந்தார்கள். மலாய்க்காரர், சீனர், நம்மவர் என்று மாடி ஓரளவு நிறைந்தது. ஆனால் வந்தவர்கள் கணினிப் பக்கம் போகவில்லை. படியேறி வரும்போதே பேச்சு ஆரம்பித்திருந்தது. யாருக்குக் கடிதம் வந்தது, யாரை நிறுத்திவிட்டார்கள், யார் மிச்சம்.

"ஜொகூர்ல ஒரு கம்பெனியில ஆள் எடுக்கிறாங்களாம்லா."

"அது போன மாசம். இப்ப இல்ல."

"சிங்கப்பூர் போனா பெர்மிட் கெடைக்குமா?"

"ஷிப்யார்டுல கெடைக்கும். நம்ம வேல கெடைக்காது."

அண்ணன் கணினியைத் திறந்துவைத்துப் பக்கத்திலேயே நின்றார். திரையில் தமிழில் ஒரு வரி தட்டியிருந்தார். நடுவில் ஒருமுறை, "கொஞ்சம் இங்க பாருங்களேன், அஞ்சு நிமிஷந்தான்" என்று மலாயிலும் தமிழிலும் சொன்னார். இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர், "பாகுஸ், பாகுஸ்" என்று மலாயில் பாராட்டிவிட்டு மறுபடி ஜொகூர்ப் பேச்சுக்குப் போய்விட்டார். அவர்மீது எனக்குக் கோபமில்லை. எனக்கும் கடிதம் வந்திருந்தது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஜொகூர் கம்பெனியின் பெயர் என்ன என்று நானும்தான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

கேக்கை வெட்டினார்கள். யாரும் பாடவில்லை. சிலர் நின்றபடியே சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு அண்ணனுடைய மனைவி எழுந்து வந்து திரைமுன் குனிந்தார். ஒவ்வொரு சொல்லாக வாய்விட்டுப் படித்தார்.

"வந்தவர்கள்... எல்லோரும்... சாப்பிட்டுப் போகவும்."

அண்ணன் சிரித்தார். "வேற என்ன எழுதறதுன்னு தெரியல."

"இதுதானா நீங்க ஒரு வருஷமா செஞ்சது?"

"இதுதான். நானும் இவங்களும்."

மனைவி என்னையும் பார்த்தார். திரையையும் மறுபடி பார்த்தார். எழுத்து அழகாக இருக்கிறது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, சண்டைக்கு இல்லாமல் நிஜமாகவே தெரிந்துகொள்ள, "ஏங்க, இதுக்கு யாரு சம்பளம் குடுப்பா?" என்று கேட்டார்.

"யாரும் குடுக்கமாட்டாங்க" என்றார் அண்ணன்.

மனைவி தலையசைத்துவிட்டு மீகூன் தட்டை மூடி எடுத்துவைக்கப் போனார். தட்டில் முக்கால்வாசி அப்படியே இருந்தது. அண்ணன் கணினியை அணைத்தார். அணைப்பதற்கு முன்பு அதை வேறு யாரிடமாவது காட்டியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. யார் இருந்தார்கள் காட்ட?

அடுத்த மாதக் கூட்டத்துக்கு நானும் கடைக்காரரும் மட்டும் இருந்தோம்; அண்ணனும் வேலை தேடிப் போயிருந்தார். அதற்கடுத்த மாதம் கடைக்காரர் மாடியை விசிடி வாடகைக் கடைக்கு விட்டுவிட்டதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். எங்கள் எழுத்துகளை இணையத்தில் போட்டிருந்தோம்; பதில் எழுதியவர் யாருமில்லை. ஒரு பிரதியை டிஸ்கெட்டில் எடுத்துக்கொண்டு நான் படித்த எஸ்டேட் பள்ளிக்கே போனேன். தலைமையாசிரியர் மரியாதையாக வாங்கி மேசை இழுப்பறையில் வைத்தார். அந்தப் பள்ளியில் அப்போது கணினி கிடையாது. வரப்போவதாகவும் தெரியவில்லை என்றார்.

அண்ணனைக் கடைசியாக மலாக்கா பஸ் நிலையத்தில் பார்த்தேன். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை, மாதம் ஒருமுறை வீட்டுக்கு வருவதாகச் சொன்னார். விரல்களில் தோல் உரிந்திருந்தது. நான் ஒரு துணிக்கடையில் விற்பனைக்கு நிற்கிறேன் என்றேன். எழுத்து வேலையைத் திரும்பத் தொடங்கலாமா, நான் தனியாகவாவது ஏதாவது செய்யட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம்மா. உங்களுக்கு ஒரு நல்ல வேல பாருங்க மொதல்ல" என்றார்.

அவர் அதுவரை என்னிடம் வேண்டாம் என்று எதையும் சொன்னதில்லை. சிங்கப்பூர் எல்லைக்குப் போகும் ஜொகூர் பாரு பஸ் வந்து நின்றது. அவர் ஏறிச் சன்னலோரம் உட்கார்ந்து, பஸ் கிளம்பும் முன்பே கண்ணை மூடிக்கொண்டார்.