குழாய்ச் சத்தம்

இன்னொரு பாட்டில் தண்ணீரையும் அண்ணாந்து குடித்துவிட்டு இசக்கி பரிசோதனைக்கூட வராந்தாவில் நடக்கிறார். வயிறு பானையாகிவிட்டது. வர வேண்டியது மட்டும் வருவேனா என்கிறது.

பணகுடிக்காரர், கேரளத்து விழிஞ்ஞத்தில் சாரம் கட்டுகிறவர். எவ்வளவு உயரத்திலும் கை நடுங்காது. பீடி, வெற்றிலை, ஒன்றும் கிடையாது. அப்பேர்ப்பட்ட மனிதருக்கு ஒரே ஒரு கூச்சம்: பக்கத்தில் ஆள் நின்றால் ஒன்றுக்குப் போகாது. தங்கியிருக்கும் கொட்டகையில் எல்லாருக்கும் முன்னால் எழுந்துவிடுவார். அப்போதும் குழாயைத் திறந்துவிட்டு, வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டால்தான் காரியம் நடக்கும். "இசக்கியண்ணன் கச்சேரி ஆரம்பிச்சிட்டாருடே" என்று கூட்டாளிகள் சிரிப்பார்கள்.

இப்போது துறைமுகத்தில் வேலை கூடி வந்திருக்கிறது. கப்பலில் அடுக்கிய கன்டெய்னர்கள் மேல் ஏறி, இரும்புக் கம்பி போட்டு முடுக்குகிற வேலை. நிரந்தரம். கிடைத்தால் பக்கத்திலேயே முக்கோலையில் ஒரு வீடு பிடித்து மனைவி கௌசல்யாவைக் கூட்டி வந்துவிடலாம். கல்யாணமான நாளிலிருந்து பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும்தான் அவள் முகம். ஏக்கமென்றால் அப்படி ஓர் ஏக்கம்! சாரத்து உச்சியில் நின்றுகொண்டு ஊர் இருக்கிற கிழக்குத் திசையையே பார்ப்பார்.

உயரத்தில் ஏறுகிறவருக்குப் போதைப் பழக்கம் இல்லை என்பதைச் சிறுநீர்தான் சொல்ல வேண்டுமாம். யாரும் தண்ணீர் கலந்துவிடக் கூடாதென்று கழிப்பறைக் குழாயை அடைத்துவிட்டார்கள். வாசலில் உதவியாளன் சத்தியநேசன் காவல்.

"அண்ணாச்சி, லேப் அடைக்கதுக்குள்ள தரணும், கேட்டோ. இல்லேன்னா தர மாட்டேன்னு சொன்னதா எழுதிருவாங்க. பின்னே ஜோலி இல்ல."

"கஞ்சா அடிக்கவன்கூட டக்குனு குடுத்துட்டுப் போயிருவான் தம்பி. நான் என்ன பாவம் செஞ்சேன்?"

சட்டென்று போனை எடுத்தார்.

"ஏட்டி கௌசல்யா, நல்லதண்ணி வந்துட்டா?"

"இப்பத்தான் வந்துச்சு. கொடம் வைக்கேன். ஏன்?"

"போனைக் கொழாய்ப் பக்கத்துல பிடி. ஒண்ணும் கேக்காத."

போன் உள்ளே போகக் கூடாது. சத்தியநேசன் கொஞ்சம் யோசித்தான். "உள்ளதான கூடாது" என்று அதை வாங்கி, ஸ்பீக்கரில் போட்டு, இசக்கி உள்ளே போய் மூடிய கதவோரம் பிடித்தான். பணகுடித் தண்ணீர் வெறுங்குடத்தில் சடசடவென்று விழுந்தது.

கதவு திறந்தது. நிறைந்த டப்பாவை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார் இசக்கி. சத்தியநேசன் அதை வாங்கி, மூடி போட்டு ஒட்டினான்.

"கொடம் ரொம்பிட்டு. அடைக்கட்டுமா?" என்றது போன்.

"அடைக்காதட்டீ. இன்னொரு கொடம் வையி."

போனைத் திரும்ப வாங்கிக் காதோடு அழுத்திக்கொண்டு, சுவரோரம் குந்திக் கண்ணை மூடிக்கொண்டார்.