கிரைண்டருக்கு யாரும் பூட்டுப் போடவில்லை

சூலூர் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவள் அப்படியே சரிந்து விழுந்தேன். அதுவரை அந்த பஸ்ஸில் எனக்கு ஒருத்தரும் எழுந்து இடம் கொடுத்ததில்லை. அன்றைக்குப் பின்சீட்டு முழுவதையும் கொடுத்தார்களாம். அனுபவிக்கத்தான் எனக்கு நினைவில்லை.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் கண் விழித்தேன். இதயம் திடீர் திடீரென்று தாறுமாறாக ஓடுகிறது என்றார்கள். இடது தோளுக்குக் கீழே, தோலுக்கு அடியில், தீப்பெட்டி அளவில் ஒரு கருவியை வைத்துத் தைத்தார்கள். துடிப்பு கெட்டால் அது உள்ளிருந்தே ஒரு ஷாக் கொடுத்துச் சரிசெய்துவிடுமாம். பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் பிள்ளைகளை அதட்டிய என்னை அதட்ட, உள்ளேயே ஓர் ஆளை உட்காரவைத்துவிட்டார்கள்.

என் கவலையெல்லாம் பட்டறையைப் பற்றித்தான். எங்கள் வீட்டுக்குப் பின்னால் கார் இல்லாத கார் ஷெட் ஒன்று இருக்கிறது. ரிட்டையர் ஆனதிலிருந்து அது என் ராஜ்ஜியம். மரப்பலகையில் ஸ்டாண்டு அடிப்பேன், தெருவில் யார் வீட்டு மிக்சி படுத்தாலும் பிரித்துப் போடுவேன், தோன்றினால் இரும்பைப் பற்றவைப்பேன். டாக்டரிடம் வெட்கப்படாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார். வெல்டிங் கூடவே கூடாது. காந்தத்தை நெஞ்சுப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. டிரில்லிங் மெஷினை உடம்பிலிருந்து ஓரடியாவது தள்ளிப் பிடித்தால் போதும். எந்த மெஷினாக இருந்தாலும் எர்த் சரியாக இருக்க வேண்டும்.

வெல்டிங் செட்டைப் பக்கத்துத் தெருவில் கேட் செய்பவருக்குத் தூக்கிக் கொடுத்தேன். கீழே விழும் ஸ்க்ரூவைப் பொறுக்க நைட்டி பாக்கெட்டிலேயே வைத்திருந்த ஸ்பீக்கர் காந்தத்தை ஒரு மூங்கில் குச்சியின் நுனியில் கட்டினேன். டிரில்லுக்குக் கையை நீட்டி நின்று பழக வேண்டியதுதான் பாக்கி. அதற்குள் என் வீட்டுக்காரர் ஷெட்டைப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார். டாக்டர் சொன்ன அத்தனையிலும் 'கூடவே கூடாது' மட்டும்தான் அவர் காதில் விழுந்திருந்தது.

"கரண்டு சமாச்சாரமே வேண்டாம் புள்ள. ஊட்டு வேலையப் பாத்துட்டு நிம்மதியா இரு."

வீட்டு வேலை என்ன, மண்ணெண்ணெயிலா ஓடுகிறது? இதைக் கேட்டேன். ஆப்பிளோடு உடம்பு விசாரிக்க வந்த நாத்தனாரிடமிருந்துதான் பதில் வந்தது. "பொம்பளைக்கு எதுக்குங் நங்கை டிரில்லு? பூக்கட்டுங்க, மனசுக்கும் இதமா இருக்கும்." அவர் கொண்டுவந்த ஆப்பிளில் பாதி வெம்பல். அதைச் சொல்லவில்லை, நான் நல்ல மருமகள்.

ஆக, பட்டறைக்குப் பூட்டு. கிரைண்டருக்கு யாரும் பூட்டுப் போடவில்லை.

ஒரு சனிக்கிழமை இட்லிக்கு ஆட்டிக்கொண்டிருந்தேன். தரையெல்லாம் ஈரம், காலில் செருப்பில்லை. ஓரத்தில் ஒட்டிய மாவைத் தள்ளக் கை வைத்தேன். சுருக்கென்றது. எங்கள் கிரைண்டர் ரொம்ப நாளாகவே ஈரக்கையை லேசாகக் கடிக்கும். தெரு முழுக்க ரிப்பேர் பார்ப்பவள் இதைப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். டாக்டர் வீட்டிலும் இருமல் இருக்கத்தான் செய்யும். வழக்கமாகக் கையை எடுத்துவிடுவேன், அன்றைக்கு எடுக்காமல் தள்ளிக்கொண்டே இருந்தேன். அடுத்த நொடி மாடு உதைத்ததுபோல நெஞ்சுக்குள்ளிருந்து ஓர் உதை. மாவுக்கையோடு சுவரில் போய் மோதினேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் வீட்டுக்காரர் ஒரே கேள்வியைத்தான் கேட்டார். "எனக்குத் தெரியாம ஷெட்டுக்குப் போனியா?"

"சாவி உங்க இடுப்புல இருக்குது. நான் என்ன ஓட்டப் பிரிச்சா எறங்குவேன்?"

டாக்டர் கருவியைச் சோதித்துப் பார்த்தார். "இது உங்க ஹார்ட் பண்ணின வேலை இல்லைங்கம்மா. வெளியே இருந்து வந்த கரண்ட்டைத் துடிப்புன்னு நினைச்சு கருவி அடிச்சிருக்கு. அப்போ எதைத் தொட்டுட்டு இருந்தீங்க?"

"கிரைண்டருங்க."

என் வீட்டுக்காரர் சீலிங் ஃபேனைப் பார்க்க ஆரம்பித்தார்.

வீட்டுக்கு வந்தால் விஷயம் கேள்விப்பட்டு நாத்தனார் காத்திருந்தார். நான் அடுப்படி வாசலைத் தாண்டவில்லை. என் வீட்டுக்காரரைச் செருப்புப் போடச் சொல்லி, கையைத் துடைக்கச் சொல்லி, கிரைண்டர் உடம்பில் டெஸ்டரை வைக்கச் சொன்னேன். டெஸ்டருக்குள் இருந்த குட்டி பல்பு சிவப்பாக எரிந்தது. சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிக் காட்டச் சொன்னேன். கீழே இரண்டு பின் இருந்தன. மேலே தடியாக இருக்க வேண்டிய எர்த் பின் இருந்த இடத்தில் வெறும் தழும்பு. மாவுத்தண்ணீர் இறங்கி மோட்டாரில் கரண்ட் கசிந்திருக்கிறது. அதை மண்ணுக்குள் அனுப்ப வேண்டிய வழியை யாரோ அறுத்துவிட்டார்கள்.

"யாருங்க இத அறுத்தது?"

"ரெண்டு ஓட்டை பாக்ஸுல எறங்கமாட்டேன்னுச்சு."

"அதனால?"

"அறுத்துப்போட்டேன்."

"எதுலீங்க அறுத்தீங்க?"

"உன்ற ஹேக்ஸா பிளேடுலதான்."

நாத்தனார் எதிரில் என்றும் பார்க்கவில்லை. பிடித்துக் கத்தினேன். என் பட்டறையில் ஒவ்வொரு மெஷினுக்கும் மூன்று பின்னும் முழுசாக இருக்கிறது, என்னைக் கொல்லப் பார்த்தது இட்லி மாவுதான், பட்டறை இல்லை என்றேன். நாத்தனார் ஆப்பிளை நறுக்கப் போய்விட்டார். என் வீட்டுக்காரர் இடுப்புச் சாவியை அவிழ்த்து மேஜைமேல் வைத்தார். முடிச்சு அவிழ வெகுநேரம் ஆனது.

கிரைண்டரை இரண்டே நாளில் சரிசெய்ய வைத்தாயிற்று. இனி ஆட்டலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். அதை மட்டும் நான் வீட்டில் சொல்லவில்லை. இன்றுவரை மாவாட்டுவது அவர்தான்.

ஆனால் ஷெட்டைத் திறந்த அன்று எல்லா வீறாப்பும் போய்விட்டது. சட்டை மாட்ட ஒரு பலகை; சுவரில் அறைய அதில் இரண்டு ஓட்டை போட வேண்டும். பிளக்கை மூன்று தரம் பார்த்தேன், எர்த்தைச் சோதித்தேன், கையை நீட்டி டிரில்லைப் பிடித்தேன். விரல் சுவிட்சை அழுத்த மறுத்தது. அந்த உதை மறுபடி வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. இவ்வளவு சண்டை போட்டு வாங்கிய இடத்தில் அழுதுகொண்டு நின்றேன்.

அவர் எப்போது வந்தார் என்று தெரியாது. பின்னால் வந்து என் வலது தோளில் உள்ளங்கையை வைத்தார்.

"டாக்டரக் கேட்டுப்போட்டேன். உனக்கு அடிச்சா, தொட்டுட்டு இருக்கறவனுக்கும் லேசா சுருக்குங்குமாம். அடிச்சா ரெண்டு பேருக்கும் அடிக்கட்டும். போடு புள்ள."

நான் சுவிட்சை அழுத்தினேன். மரத்தூள் பறந்தது. வேறொன்றும் நடக்கவில்லை.

"கையெடுங்க, புழுங்குது" என்றேன். எடுக்கவில்லை.

இரண்டு ஓட்டை போதும். நான் ஆறு போட்டேன்.